சார்ஜ் ஏறாத காரும் கடற்கரை வீட்டு எர்த்தும்

கடற்கரை ஓரத்தில் வீடு என்று தெரிந்ததும் சர்வீஸ் சென்டரில் பேச்சு மாறிவிடுகிறது. மின்சார கார் சார்ஜ் ஏறவில்லை என்று போய் நின்றால், "உங்கள் வீட்டு எர்த் சரியில்லை" என்கிறார்கள். எர்த் என்பது, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க வீட்டில் போடும் இணைப்பு. எர்த் சரியாக இருக்கிறது என்றால் "உப்புக் காற்று" என்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டக் கரையில் மண்டபத்திலிருந்து கீழக்கரை வரை வீட்டு வயரிங் வேலை பார்க்கிறவன் நான். அந்தப் பதில் சில வீடுகளில் உண்மை. பல வீடுகளில் உண்மையே இல்லை. ஒரு மீட்டரை வைத்து அளந்து பார்க்காமலேயே வீட்டின் மேல் பழியைப் போட்டுக் காரைத் திருப்பி அனுப்புகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆயுள் முழுக்கச் சேர்த்த பணத்தில் கார் வாங்கியவர்கள் அந்தப் பதிலோடு வீடு திரும்பக் கூடாது. சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருப்பது நிறைய. அதைப் பயன்படுத்த ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தை எப்படிச் சேர்ப்பது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உச்சிப்புளிப் பக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரை "சார்" என்றுதான் கூப்பிடும். மனைவியைச் சிகிச்சைக்கு அடிக்கடி மதுரைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்ததால் மின்சார கார் வாங்கினார். சில மாதங்கள் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு இரவில் சார்ஜரை மாட்டிவிட்டுத் தூங்கினால், காலையில் பாதிகூட ஏறாமல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கார் வாங்கிய இடம் மதுரை. அவ்வளவு தூரம் ஓட்டிப் போகச் சார்ஜ் இல்லாத காரை லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அங்கே வேகச் சார்ஜரில் போட்டு நிரப்பி, "குறை எதுவும் இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் அதே சிவப்பு விளக்கு. இரண்டாம் முறை போனபோதுதான் வீட்டு எர்த்தைப் பற்றிய பேச்சு வந்தது.

சார் என்னிடம் சொன்னது இது: "தம்பி, வீட்டில்தான் குறை என்றால் அதை எழுதிக் கொடுங்கள், சரிசெய்துகொள்கிறேன் என்றேன். எழுதித் தர மாட்டேன் என்கிறார்கள்."

எனக்கு விஷயம் பிடிபட்டது அந்த இடத்தில்தான். வாயால் சொல்கிற காரணத்தை ஜாப் கார்டில், அதாவது காரை உள்ளே எடுக்கும்போது சர்வீஸ் சென்டர் போடும் தாளில், எழுத மறுக்கிறார்கள் என்றால், அளக்காமல் சொல்கிறார்கள் என்று பொருள்.

இந்தக் கரையில் எர்த் என்பது லேசான விஷயமல்ல. நிலத்தடி நீர் மேலேயே உப்பாகக் கிடக்கும் இடங்களில் எர்த் தொடக்கத்தில் அருமையாகக் கிடைக்கும். ஆனால் அதே உப்பு, குழியில் இறக்கிய இரும்புக் குழாயைச் சில ஆண்டுகளில் அரித்துத் தின்றுவிடும். மணல் மேட்டில் கட்டிய வீடுகளில் கதை வேறு. காய்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது. கார்த்திகை மழையில் நல்ல அளவு காட்டும் குழி, ஆடி மாதம் கச்சான் காற்று வீசும்போது அதில் பாதிகூடத் தேறாது. பிளக் பாயிண்டுகளின் பித்தளைக் காலில் களிம்பு ஏறும். வீட்டு மோட்டார் அரை மணி நேரம் ஓடி நின்றுவிடும். வீட்டில் போடும் கார் சார்ஜரோ 3 கிலோவாட்டுக்கு மேல் விடிய விடிய இழுக்கும். களிம்பு பிடித்த பிளக்கில் அத்தனை நேரம் அந்தப் பளு போனால் அது சூடாகி உருகத்தான் செய்யும். ஆகவே, வீட்டைச் சோதித்துப் பார்க்கச் சொல்வது நியாயம். சோதித்த பிறகும் வீட்டையே குறை சொல்வது நியாயமில்லை.

சார் வீட்டில் எர்த் மீட்டர் வைத்து அளந்தேன். பழைய குழாய் உண்மையிலேயே போயிருந்தது. செம்புத் தகடு வைத்துப் புதுக் குழி போட்டு, மீட்டர் பெட்டியிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை தனி வயர் இழுத்து, எர்த் அளவையும் நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) எர்த்துக்கும் இடையிலான வோல்டேஜையும் மறுபடி அளந்து, மீட்டரின் முகப்பு தெரியத் தேதியோடு படம் எடுத்து வைத்தோம். எல்லாம் சரியான அளவில் இருந்தன. அன்றிரவும் கார் பாதியில் நின்றது. ராமநாதபுரத்தில் அவருடைய உறவினர் வீட்டில், வேறொரு சார்ஜரில் போட்டுப் பார்த்தோம். அங்கேயும் நின்றது.

கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் வருவது ஏ.சி. மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது டி.சி. மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் ஆன்போர்டு சார்ஜர். நெடுஞ்சாலையில் இருக்கும் வேகச் சார்ஜர் மாற்றும் வேலையைத் தானே செய்துவிட்டு, நேராக டி.சி.யைப் பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆன்போர்டு சார்ஜருக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே வேகச் சார்ஜரில் நிரப்பிக் காட்டி "குறை இல்லை" என்று சொல்வது, வீட்டில் ஏறவில்லை என்ற புகாருக்குப் பதிலே ஆகாது.

நன்றாக எர்த் உள்ள இன்னொரு வீட்டில், வேறொரு சார்ஜரில், ஏ.சி.யில் போட்டுப் பாருங்கள். ஏறினால் குறை உங்கள் வீட்டில், அல்லது காரோடு தந்த கேபிளில். வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தும் வோல்டேஜ் மட்டும் விழுகிறது என்றால் மின்வாரியத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கென்று மின் நுகர்வோர் குறைதீர் மன்றமும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரும் இருக்கிறார்கள். எந்த வீட்டிலும் ஏ.சி.யில் ஏறாமல், டி.சி.யில் மட்டும் ஏறினால் சந்தேகம் ஆன்போர்டு சார்ஜர் மேல். இரண்டிலும் தகராறு என்றால் பேட்டரி, அல்லது அதைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். ஆன்போர்டு சார்ஜரானாலும் பேட்டரியானாலும் எதிர்த்தரப்பு காரைத் தயாரித்தவரும் விற்றவரும்தான். குறிப்பிட்ட ஒரு பொதுச் சார்ஜிங் நிலையத்தில் மட்டும் பணம் போய்ச் சார்ஜ் ஏறவில்லையென்றால், அது அந்த நிலையத்தை நடத்துபவரின் சேவைக் குறைபாடு. எங்கே குறை என்று தெரியாமல் எல்லோர் மேலும் புகார் எழுதினால், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டித் தப்பிப்பார்கள்.

என் தொழில்காரர்களைப் பற்றியும் கோபத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். எர்த் இல்லாமல் சார்ஜர் வேலை செய்யாது என்பதால், பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். சார்ஜர் ஏமாந்து வேலை செய்யும். வெளியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடல் முழுக்க மின்சாரம் ஏறி நிற்கும். மழை ஈரத்தில் அதன் கதவைத் தொடுகிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். சட்டப்படியும் அது உங்கள் கையை நீங்களே கட்டிக்கொள்வது. பொருளைத் தவறாகப் பயன்படுத்தினீர்கள், மாற்றி அமைத்தீர்கள் என்பதுதான் தயாரிப்பாளரும் விற்பவரும் முதலில் எடுக்கும் வாதம். அந்த ஒரு துண்டு வயரை அவர்கள் படம் எடுத்துவிட்டால் உண்மையான குறையும் அதன் கீழே புதைந்துவிடும்.

இனிச் சட்டம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், "நாலு முறை ரிப்பேர் ஆனால் புதுக் காரே கொடுத்துவிடுவார்கள்" என்று அமெரிக்க மாநிலங்களின் லெமன் சட்டத்தைப் பற்றிச் செய்தி அனுப்புகிறார்கள். அப்படிக் காருக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. நமக்கு இருப்பது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கடற்கரைக்காரர்களுக்கு அதில் இருக்கும் பெரிய நன்மை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது. கார் வாங்கியது மதுரையாக இருக்கட்டும், தொழிற்சாலை வேறு மாநிலத்தில் இருக்கட்டும், ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அவர்கள்தான் வர வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்குப் புகார்க் கட்டணம் 400 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி என்ற இணையத் தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். காணொளியில் விசாரிக்கும்படி கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து வைப்பது நல்லது. சில நிறுவனங்கள் அந்த நிலையிலேயே இறங்கி வருவதுண்டு. வாங்கும்போது கையெழுத்துப் போட்ட தாளில் "தகராறு வந்தால் நடுவரிடம்தான் போக வேண்டும்" என்று அச்சடித்திருந்தால் அதற்காகத் தயங்க வேண்டாம். அப்படி ஒரு நிபந்தனை நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைத்துவிடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்திருக்கிறது.

என்ன கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். ஆத்திரத்தில் எல்லோரும் "புதுக் கார் கொடு, இல்லையென்றால் முழுப் பணத்தையும் கொடு" என்று மட்டும் எழுதுகிறார்கள். மாருதி நிறுவனம் தொடர்பான 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், வாரண்டியின்படி பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் கடமை, முழுக் காரையும் மாற்றும்படி உத்தரவிட முடியாது என்ற நிலையை எடுத்தது. நிறுவனங்களின் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் நீட்டுவார்கள். அதனால் கோரிக்கைகளை அடுக்கிக் கேளுங்கள். பழுதான பாகத்தைச் செலவின்றி மாற்றித் தர வேண்டும். மாற்றியும் குறை தீராவிட்டால் காரை மாற்றவோ பணத்தை வட்டியுடன் திருப்பவோ வேண்டும். லாரி வாடகைக்கும், கார் நின்றிருந்த நாள்களில் வைத்த வாடகைக் காருக்கும், மன உளைச்சலுக்கும் இழப்பீடு வேண்டும். மாற்றிய பாகத்துக்கு வாரண்டி நீட்டிப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அதே சட்டத்தில் தயாரிப்பாளர் மீதான பொருள் பொறுப்பு என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் அது, குறையுள்ள பொருளால் ஓர் ஆளுக்குக் காயமோ வேறு சொத்துக்குச் சேதமோ நேர்ந்தால் வழி செய்வது. பொருளுக்கே நேர்ந்த பாதிப்பு அதில் சேராது என்று சட்டமே சொல்லிவிட்டது. சார்ஜரிலிருந்து தீப்பிடித்துக் கார் கொட்டகையும் எரிந்தால் அந்த அத்தியாயம் உங்களுக்கு உதவும். அங்கே போதிய எச்சரிக்கையோ வழிகாட்டலோ தராததும் தயாரிப்பாளரின் குற்றமாகும். சும்மா சார்ஜ் ஏறவில்லை என்றால் "குறைபாடுள்ள பொருள்", "சேவைக் குறைபாடு" என்ற இரண்டின் கீழேதான் போக வேண்டும்.

ஆதாரத்துக்கு வருகிறேன். காரை உள்ளே விடும்போதெல்லாம் ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். "பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று வெறுமனே வாங்கி வைத்துக்கொள்ள விடாதீர்கள். உங்கள் புகாரை உங்கள் சொற்களிலேயே அதில் எழுத வையுங்கள்: எத்தனை சதவீதத்தில் நின்றது, திரையில் என்ன வந்தது, வீட்டிலா வெளியிலா. வீட்டு எர்த்தான் காரணம் என்றால் யார், எந்தத் தேதியில், எந்தக் கருவியால் அளந்தார், அளவு என்ன என்று எழுதித் தரச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமும் ஒரு சான்றுதான். பிறகு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ், கிடைத்ததற்கான ஒப்புகையோடு, டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் தனித்தனியாக.

இவற்றைவிடப் பெரிய ஆதாரம் ஒன்று இருக்கிறது. அது நம் கையில் இல்லை. ஒவ்வொரு முறை சார்ஜ் நின்றபோதும் ஏன் நின்றது என்று கார் தன் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறது. வந்த வோல்டேஜ், பேட்டரியின் சூடு, பிழைக் குறியீடு எல்லாம் அதில் இருக்கும். அதைப் படிக்கும் கருவியும் கடவுச்சொல்லும் நிறுவனத்திடம் மட்டும் இருக்கின்றன. வீட்டு மின்சாரத்தைக் குறை சொல்கிறவர்களிடம் அதற்கான சான்று அந்தப் பதிவிலேயே இருக்கத்தானே வேண்டும்? நுகர்வோர் ஆணையத்துக்கு ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. புகாரோடு சேர்த்தே அந்தப் பதிவைக் கேட்டு ஒரு மனு போடுங்கள். என் பார்வையில் மின்சார கார் வழக்குகளில் இதைவிட முக்கியமான மனு வேறில்லை.

சோதித்தால்தான் தெரியும் என்ற குறையாக இருந்தால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதற்கான கட்டணத்தை முதலில் புகார்தாரரே கட்ட நேரலாம். சோதனை இல்லாத வழக்கை 3 மாதத்திலும் சோதனை தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும். ஆனால் எதிர்த்தரப்பு இழுக்க ஓர் எல்லை உண்டு. நோட்டீஸ் கிடைத்து 30 நாளில் பதில் தர வேண்டும். ஆணையம் மேற்கொண்டு 15 நாள்தான் தரலாம். அந்த 45 நாளைத் தாண்ட முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. எல்லாவற்றையும் நிபுணரைக் கொண்டுதான் நிரூபிக்க வேண்டும் என்றும் இல்லை. ஹூண்டாய் கார் ஒன்றில் விபத்தின்போது காற்றுப்பை விரியாத வழக்கில், 2022இல் அதே நீதிமன்றம் வாங்கியவர் பக்கமே நின்றது. மோதலின் விசையை வாங்குபவர் இயற்பியல் படித்துக் கணக்கிட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

வழக்குக்கு முன் ஒரு சிறிய வேலை. உங்கள் காரின் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 2024இல் ஹூண்டாய் 1,744 அயோனிக் 5 கார்களையும், கியா 1,138 இ.வி.6 கார்களையும் இந்தியாவில் திரும்ப அழைத்தன. ஐ.சி.சி.யு. எனப்படும் சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவியில் வந்த கோளாறுதான் காரணம். அப்படி அறிவிப்பு இருந்தால் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டியது நிறுவனத்தின் கடமை. அறிவிப்பு இல்லாமல் ஒரே மாதிரிக் கோளாறு பலருக்கும் இருந்து, அது உயிருக்கு ஆபத்தானதாக இருந்தால், அரசின் வாகனப் பதிவுத் தளமான 'வாகன்' தளத்தில் உரிமையாளர்கள் புகார் பதியலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, மத்திய அரசே திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட முடியும்.

மென்பொருள் புதுப்பித்த பிறகு சார்ஜ் ஏறும் வேகமோ அளவோ குறைந்துவிட்டது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 2019இல் டெஸ்லா அனுப்பிய ஒரு புதுப்பிப்பு மாடல் எஸ் கார்களின் பேட்டரி வோல்டேஜைக் குறைத்துவிட்டது என்று அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2021இல் 15 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. 1,743 கார்களின் உரிமையாளர்களுக்கு ஆளுக்கு 625 டாலர். புதுப்பிப்பு வரும் முன்பும் பின்பும் முழுச் சார்ஜில் கார் காட்டும் தூரத்தைப் படம் எடுத்து வைத்திருந்தால் இங்கும் அது பேசும்.

ராமேஸ்வரத்தில் யாத்ரீகர்களை ஏற்றும் கார், ஆட்டோக்காரர்கள், "வாடகை வண்டி என்பதால் நுகர்வோர் சட்டம் நமக்குப் பொருந்தாது" என்று நினைக்கிறார்கள். சொந்தப் பிழைப்புக்காக வாங்கித் தானே ஓட்டுபவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பத்து வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டுகிற முதலாளிக்குத்தான் சிக்கல். கட்டணத்துக்கும் வக்கீலுக்கும் வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே அங்கே இலவச உதவி கிடைக்கும்.

சாரின் நோட்டீசோடு என் அளவீட்டுப் படங்கள், ராமநாதபுரத்து வீட்டில் எடுத்த படங்கள், பதில் வராத மின்னஞ்சல் எல்லாம் போயின. அதற்குப் பிறகுதான் நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளர் வீட்டுக்கே வந்தார். அவரும் மீட்டர் வைத்து அளந்தார். வீட்டில் குறை இல்லை என்று இந்த முறை எழுதிக் கொடுத்தார். ஆன்போர்டு சார்ஜரை மாற்றினார்கள். இப்போது இரவு முழுக்க ஏறுகிறது. லாரி வாடகையையும் வாரண்டி நீட்டிப்பையும் தர மறுத்துவிட்டதால் அவற்றுக்காகச் சார் புகார் தாக்கல் செய்திருக்கிறார், அது நடந்துகொண்டிருக்கிறது.

இதே நிலையில் இருப்பவர்கள் காலக்கெடுவை மறக்க வேண்டாம். பேட்டரிக்கு 8 ஆண்டு வாரண்டி என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, புகார் கொடுக்கவும் அவ்வளவு காலம் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் ஆணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். திரும்பத் திரும்ப நினைவூட்டுக் கடிதம் எழுதுவதால் கெடு தானாக நீளாது. குறை முதலில் பதிவான ஜாப் கார்டைத் தேடி எடுத்து, அதன் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.